மாரியில் பாண் எழும்பவில்லையா, கேக் இறங்கிவிட்டதா?

வெளிநாட்டுக் குறிப்புப் புத்தகங்களில் குளிர்காலத்துக்கென்று ஒரு படம் இருக்கும். வெளியே பனி, உள்ளே கணப்பு, சின்னக் கல்வீட்டின் மேசையில் இப்போதுதான் இறக்கிய பாண். நமக்குப் பனியும் இல்லை, கணப்பும் இல்லை. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஓட்டு வீட்டில் இருக்கிற எனக்கு, ஐப்பசி பாதியில் வாடை திரும்பி, கடலிரைச்சல் குசினிவரை கேட்கத் தொடங்கினால் அதுதான் குளிர்காலம். வெயில் காலத்தில் ஓவனைப் பற்றவைக்கவே மனம் வராது. மாரி வந்தால் பிள்ளைகள் தாமாகவே குசினியைச் சுற்றுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குறிப்புகள் எல்லாம் சூடேற்றி உலர்ந்துபோன வீட்டுக்கு எழுதியவை. திருகோணமலையில் கார்த்திகை, மார்கழியில் இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். ஆனால் நவம்பரிலும் டிசம்பரிலும் மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். மா, சீனி, உப்பு, பேக்கிங் பவுடர் எல்லாமே காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஆகவே இந்த மாதங்களில் ஏதாவது பிழைத்துப்போனால் நான் முதலில் சந்தேகப்படுவது ஈரத்தை, அடுத்தது ஓவனை. குறிப்பின்மேல் சந்தேகம் வருவது கடைசியில்தான். கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் அந்த ஒழுங்கில்தான் பார்க்கப்போகிறோம். உங்கள் வீட்டில் எது நடந்ததோ அந்த இடத்துக்கு நேரே போகலாம்.

பாண் மா எழும்பவே இல்லை

முதலில் ஈஸ்டைச் சோதியுங்கள். அரைக் கோப்பை இளஞ்சூட்டு நீர், ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். 10 நிமிடத்தில் மேலே நுரை கட்ட வேண்டும். கட்டவில்லையென்றால் அந்தப் பைக்கற்றைத் தூக்கிப் போடுங்கள்; இன்னும் கொஞ்சம் கூடப் போட்டுப் பார்ப்போம் என்று மினைக்கெட வேண்டாம். திறந்த பைக்கற்றை ரப்பர் பாண்ட் போட்டு அலுமாரியில் வைத்தால் மாரியில் சில கிழமைக்குள் சோர்ந்துவிடும். இறுக்கமான சிறு போத்தலில் போட்டு பிரிட்ஜுக்குள் வையுங்கள்.

நீரின் சூடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். 38 முதல் 42 பாகை. வெப்பமானி இல்லாவிட்டால், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியில் அள்ளி முதல் தடவை தலையில் ஊற்றும்போது இருக்குமே, அந்தச் சூடு. ஊர்க்காரருக்கு இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியாது. 60 பாகைக்குக் கிட்டப் போனால் ஈஸ்ட் செத்துவிடும். கேத்தலில் கொதித்த நீரோடு குழாய் நீரைக் கண்மதிப்பில் கலப்பவர்கள்தான் அதிகம் பிழைவிடுகிறார்கள். உப்புப் பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்ற பயம் மட்டும் தேவையில்லை. மாவோடு உப்பைக் கலந்துவிட்டால் சரி.

ஈஸ்ட் நுரைத்தது, மா எழும்பவில்லை என்றால் அநேகமாக நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். சித்திரையில் முக்கால் மணித்தியாலத்தில் இரட்டிக்கும் மா, மழை நாளில் ஒன்றரை மணி, இரண்டு மணிகூட எடுக்கும். மணிக்கூட்டை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். மாத் தொட்ட விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, அரைகுறையாக நிரம்ப வேண்டும். உடனே துள்ளி நிரம்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். நிரம்பாமல் அப்படியே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது. மறுபடி பிசைந்து உருட்டிவிடலாம், பயமில்லை.

இந்தக் குளிர்ச்சியை நமக்கு வேலை செய்யவும் விடலாம். 500 கிராம் மாவுக்கு வழமையாக ஒன்றரைத் தேக்கரண்டி ஈஸ்ட் போடுவேன். மார்கழியில் கால் தேக்கரண்டி மட்டும் போட்டு, இரவு ஒன்பது மணிக்குக் குழைத்து மூடி வைத்துவிடுவேன். திருவெம்பாவைச் சங்குச் சத்தத்துக்கு எழும்பும்போது மா சட்டியின் விளிம்புக்கு வந்து நிற்கும். மெதுவாகப் புளித்த பாணுக்குள்ள வாசம் அவசரப் பாணுக்கு வராது.

மா கையோடு ஒட்டி வருகிறது

பாதி எழும்பிய மாவில் இன்னும் மா போடாதீர்கள். நாம் குழைக்கிற கோதுமை மா பெரும்பாலும் இங்கே சீனக்குடாவில், 1980 முதல் ஓடுகிற பிரிமா ஆலையில் அரைபடுவதுதான். ஆலை பக்கத்தில் என்றாலும், மா நம் கைக்கு வரும்வரை சாக்கில் திறந்திருந்தால் மழை ஈரம் ஏறிவிடும். அப்படி ஈரம் ஏறிய மா குறைவான நீரைத்தான் ஏற்கும். குறிப்பில் 300 மில்லிலீற்றர் என்றிருந்தால் 270 ஊற்றிக் குழையுங்கள், மிச்சத்தைத் தேவை பார்த்துச் சேருங்கள். ஒட்டினால் 10 நிமிடம் மூடி வைத்து, கையில் எண்ணெய் தடவிப் பிசைந்து பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரிவந்துவிடும். மாவில் கட்டி இருந்தால் அரிதட்டில் அரித்துவிட்டு ஒருமுறை மணந்து பாருங்கள். புளித்த மணம் வந்தால் அது பாணுக்கு ஆகாது.

பாணின் நடுப்பகுதி பிசுபிசுத்து நூல் நூலாக வருகிறது

இதைத்தான் பலர் வேகவில்லை என்று நினைத்து, அடுத்த தடவை கருக்கிவிடுகிறார்கள். வேகாத பாணை இறக்கிய அன்றே தெரியும். நடு கனமாக, களியாக இருக்கும். நான் சொல்வது வேறு. முதல் நாள் நன்றாக இருந்த பாண், அடுத்த நாளோ மூன்றாம் நாளோ நடுவில் மங்கலாக நிறம் மாறி, பிய்த்தால் சிலந்தி நூல்போல இழைகள் இழுபடும். கனிந்து அழியத் தொடங்கிய அன்னாசி மணம் ஒன்றும் வரும். மோசம் என்னவென்றால் முதலில் அந்த மணம் நல்லதுபோலவே இருக்கும்.

இது பசிலஸ் என்ற பற்றீரியாவின் வேலை. மண்ணிலிருந்து தானியத்தோடு வரும் அதன் வித்துகள் வெப்பத்துக்கு மசியாதவை. மேலோடு 200 பாகையைப் பார்த்தாலும் பாணின் உள்வயிறு 100 பாகையைத் தாண்டுவதில்லை, அதனால் அவை தப்பிவிடும். பிறகு ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் முளைத்து மாப்பொருளைக் கரைக்கத் தொடங்கும். நம் மாரி அதற்குச் சொர்க்கம். ஐரோப்பாவின் குளிர்ந்த குசினியில் எழுதிய குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அங்கே இது கோடைகாலத்து நோய்.

நூல் பிடித்த பாணைக் கோழிக்கும் போடாமல் கட்டி எறியுங்கள். பாண் தகரம், பலகை, கத்தி, பாண் வைத்த டின் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வினாகிரி பூசித் துடைத்துக் காயவிடுங்கள். அடுத்த குழையலில் 500 கிராம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேருங்கள். தென்னை வினாகிரி நல்லது, புளிப்பு நாக்கில் தெரியாது. புளிப்பேறிய மாவில் அந்தப் பற்றீரியா வளராது. பாணைத் தகரத்திலிருந்து உடனே கழற்றிக் கம்பித்தட்டில் ஆறவிட வேண்டும். எனக்கு இது ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்றாம் முறைதான், பாண் டின்னின் மூலையில் பழைய துகள் கிடப்பதைக் கண்டேன். அதுவரை ஓவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பச்சைப் பூஞ்சணம் பிடிப்பது வேறு கதை. சூட்டோடு பையில் போட்டால் வியர்த்து அது வரும். முழுக்க ஆறியபின் மூடுங்கள். இரண்டு நாளில் முடியாதென்றால் வெட்டி பிரீசரில் வைத்துவிடுங்கள்.

பட்டர் கேக் நடுவில் குழிந்துவிட்டது

எப்போது குழிந்தது என்பதுதான் முதல் கேள்வி. ஓவனுக்குள்ளேயே எழும்பி, பிறகு இறங்கியதா? அப்படியானால் பேக்கிங் பவுடர் கூடியிருக்க வேண்டும், அல்லது முதல் அரை மணிக்குள் யாரோ கதவைத் திறந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாரோ யாரென்று எல்லோருக்கும் தெரியும். 125 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போதும். மழைக்காலம் என்று கூடப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; கூடினால் குமிழி பெரிதாகி, கேக் தன்னைத் தாங்கமாட்டாமல் விழுந்துவிடும். பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் போடுங்கள். பொங்கி இரைய வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் ஈரம் அதை டின்னுக்குள்ளேயே வேலை செய்ய வைத்து முடித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் கேக் குழியாது, எழும்பாமல் கட்டையாகக் கிடக்கும்.

வெளியே எடுத்தபின் இறங்கியதென்றால் வேகவில்லை. ஈர்க்கைக் குத்திப் பார்க்கும்போது நடுவில் குத்துங்கள், ஓரத்தில் குத்தித் திருப்திப்பட வேண்டாம். (புதிதாகச் சீவிய ஈர்க்கு. விளக்குமாற்றில் உருவியது வேண்டாம்.) குறித்த நேரம் முடிந்தும் வேகவில்லையென்றால் ஓவனின் குமிழ் பொய் சொல்கிறது. சின்ன ஓவன்களில் 20, 30 பாகை வித்தியாசம் சாதாரணம். ஓவன் வெப்பமானி இல்லாதவர்களுக்குச் சீனியே வெப்பமானி. சீனி 186 பாகை அளவில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சீனி வைத்து, ஓவனை 175இல் விட்டு 15 நிமிடம் பாருங்கள், உருகக் கூடாது. 190இல் விட்டு இன்னொரு 15 நிமிடம், உருக வேண்டும். முதலிலேயே உருகினால் உங்கள் ஓவன் கடுஞ்சூடு, கேக் மேலே வெடித்துக் கூராக வருவதற்கும் காரணம் அதுதான். இரண்டிலும் உருகாவிட்டால் மந்தம்.

அம்மம்மாவின் கொப்பியைப் பார்த்துச் செய்கிறீர்களா? அதில் 350 என்றிருந்தால் அது பரனைட், நம் குமிழில் 175 அல்லது 180. 300 என்றால் 150. இங்கிலாந்துக் குறிப்பில் காஸ் மார்க் 4 என்பதும் அதே 180தான்.

கேக் குழியவில்லை, ஆனால் வறண்டு தொண்டையில் நிற்கிறது என்றால் முட்டையை நிறுத்துப் பாருங்கள். பிரித்தானியக் குறிப்பில் பெரிய முட்டை என்றால் ஓட்டோடு 63 முதல் 73 கிராம். எனக்குக் கடையில் கிடைப்பது 50, 55தான். நாலு முட்டை என்று எண்ணிப் போட்டால் ஒரு முட்டை குறைந்துவிடும். நான் இப்போது எண்ணுவதில்லை. முட்டைகளை ஓட்டோடு நிறுத்து, அதே நிறைக்குப் பட்டர், சீனி, மா எடுத்துவிடுகிறேன்.

முட்டை ஊற்றியதும் கலவை திரிந்துவிட்டது

முட்டை பிரிட்ஜிலிருந்து நேரே வந்திருக்கும். பட்டர் இறுகி, நீர் பிரிந்து, தயிர் உடைந்ததுபோல நிற்கும். கிண்ணத்தின் அடியில் வெதுநீர் வைத்து, ஒரு மேசைக்கரண்டி மாவைத் தூவி அடித்தால் கூடிவிடும். முட்டையை ஒவ்வொன்றாக விட்டு அடித்தால் இது வராது.

மாறாக, பட்டர் பளபளவென்று எண்ணெய்போல ஆகிவிட்டதா? குறிப்பில் சொல்லும் அறை வெப்பநிலை 20 பாகையை ஒட்டியது. நம் அறை மழையிலும் 26. பிரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடத்தில் அடிக்கத் தொடங்குங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் பளபளக்கக் கூடாது. எண்ணெயாகிவிட்டால் கிண்ணத்தோடு பிரிட்ஜில் 10 நிமிடம் வைத்து மறுபடி அடியுங்கள்.

கேக் பாதி வேகும்போது கரண்ட் போய்விட்டது

கதவைத் திறக்காதீர்கள். கை துடிக்கும், பரவாயில்லை, திறக்காதீர்கள். மூடிய ஓவன் 10, 15 நிமிடத்துக்குச் சூட்டை வைத்திருக்கும். கேக் முக்கால்வாசி வெந்திருந்தால் அந்தச் சூட்டிலேயே ஒப்பேறிவிடும். அதற்குள் கரண்ட் வந்தால், போன நேரத்தைக் கணக்கில் கூட்டி ஈர்க்கால் பாருங்கள்.

வராது என்று தெரிந்தால் காஸ் அடுப்பில் பெரிய அலுமினியப் பானையை ஏற்றுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த மணல், அதன்மேல் ஒரு சின்னத் தாங்கி, இறுக்கமான மூடி. கால் மணி சூடேற்றி, கேக் தகரத்தை உள்ளே இறக்கி, தீயைக் குறைத்து விடுங்கள். மேற்பக்கம் சிவக்காது, ஆனால் வேகும். முந்தின தலைமுறை மூடிமேல் சிரட்டைத் தணலைப் பரப்பி மேலும் கீழும் நெருப்பு வைத்தது மேல்பக்கம் சிவக்கத்தான். தணல் வைப்பதென்றால் முற்றத்துத் தாழ்வாரத்தில் வையுங்கள். மழைக்கு யன்னல் எல்லாம் சாத்திய குசினிக்குள் கரி எரித்தால் மணமில்லாத நச்சுவாயு நிறைந்து ஆளைச் சாய்த்துவிடும். துணி காயவைக்கத் தணல் சட்டியை அறைக்குள் கொண்டுபோவதும் அதே ஆபத்து.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் நம் கரையில் ஏறியபோது என் ஓவனில் ஒரு பட்டர் கேக் இருந்தது. புயல் வரும் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்த நாளில் கேக் போட்ட புத்தியை இன்னும் வீட்டில் கேலி செய்கிறார்கள். மணல் பானையில் அது அடியில் கருகி, மேலே வெள்ளையாக வந்தது. விளக்கு வெளிச்சத்தில் யாருக்கும் நிறம் தெரியவில்லை.

ரிச் கேக் உதிர்கிறது, அல்லது நடு ஈரமாக நிற்கிறது

உதிர்ந்தால் முதலில் உங்கள் பொறுமையைச் சோதியுங்கள். இறக்கிய அன்றே வெட்டினால் உதிரத்தான் செய்யும். ரவை நெய்ப்பையும் தேனையும் குடித்து ஊற மூன்று நாலு நாளாவது வேண்டும். அப்போதும் உதிர்ந்தால் கஜுவும் பிளம்ஸும் (உலர்திராட்சை) பெரிதாக வெட்டப்பட்டிருக்கும். நடு ஈரமாக நின்றால் குற்றவாளி சீனிப்பாணியில் ஊறிய பூசணித் தோசியும் சௌசௌவும். பாணியை வடித்து, ஒரு மணித்தியாலமாவது அரிதட்டில் போட்டு வைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். 150 பாகையில் இரண்டு, இரண்டரை மணித்தியாலம் எடுக்கும் கேக் இது. அடி கருகுகிறதென்றால் தகரத்துக்கு வெளியே இரண்டு மடிப்புப் பத்திரிகைத் தாள் சுற்றி, அடியிலும் ஒரு மடிப்பு வையுங்கள்.

பிரண்டி சேர்க்கும் வீட்டுக் கேக் மாதக்கணக்கில் நிற்கும். எங்கள் ஒழுங்கையில் கிறிஸ்மஸ் தட்டு எல்லா வீட்டுக்கும் போகும், பொங்கலுக்கும் பெருநாளுக்கும் திரும்பி வரும். ஆகவே நான் ஒரு பாதியைப் பிரண்டி இல்லாமல், பன்னீரும் தேனும் மட்டும் விட்டுச் செய்வேன். பூஞ்சணம் வருவது இந்தப் பாதியில்தான். முழுக்க ஆறமுன் ஒயில் பேப்பரில் சுற்றக் கூடாது. சுற்றியதை அலுமாரியில் வைக்காமல் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு கிழமை கவலையில்லை. எந்தப் பொட்டலம் எது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

பட்டர் கேக்கில் பிளம்ஸ் அடியில் போய் உட்கார்ந்தால் கழுவியபின் துடைக்காமல் போட்டிருப்பீர்கள். துணியில் ஒற்றி, மாவில் புரட்டிப் போடுங்கள்.

பிஸ்கட் மறுநாளே பதமாகிவிட்டது

நாங்கள் "பதமாகிவிட்டது" என்றால் நமத்துப்போனது என்று பொருள், சரியான பதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எறிய வேண்டாம். 150 பாகையில் 5 முதல் 8 நிமிடம் மறுபடி சூடாக்கி, முழுக்க ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும். ஆறாமல் டின்னில் போடுவதும், கேக்கையும் பிஸ்கட்டையும் ஒரே டின்னில் வைப்பதும்தான் வழமையான பிழைகள். கேக்கின் ஈரத்தைப் பிஸ்கட் இழுத்து, இரண்டும் கெட்டுவிடும். தாச்சியில் வறுத்து ஆறவிட்ட ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து டின்னின் அடியில் போடுங்கள். கிழமைக்கொருமுறை மறுபடி வறுக்க வேண்டும். எறும்புக்கு டின்னை நீர்த்தட்டின் நடுவில் வைப்பதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

ஐசிங் வியர்க்கிறது என்றால் அந்த நாளில் ஐசிங் போடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு மெரிங்கும் அப்படித்தான். மழை விடாத நாளில் அதை முயல்வது வீண்வேலை.

வீட்டிலும் ஈரம்: சுவர், அலுமாரி, கதவு

சுவரில் வெள்ளை பூத்தால் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உவர், சுவர் நீரை உறிஞ்சுகிறது என்று அர்த்தம், துடைப்பதால் தீராது; கூரை வழியும் நீர் எங்கே விழுகிறதென்று தேட வேண்டும். கரையாமல் அப்பிக்கொண்டிருந்தால் பூஞ்சணம். வினாகிரியால் துடைக்கலாம், அல்லது நீர் கலந்த பிளீச்சால். இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, வெயில் எட்டிப் பார்க்கும் அரை நாளில் கதவைத் திறந்துவிட்டாலே துணி மணம் பாதி போய்விடும்.

குசினிக் கதவு ஊதிச் சிக்கிக்கொண்டால் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துச் சமாளியுங்கள். மாரியில் சீவாதீர்கள். நான் ஒரு கார்த்திகையில் ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவுவித்தேன். பங்குனியில் மரம் காய்ந்து சுருங்க, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பல்லி புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி வந்தது. இப்போது அதில் பழைய சேலைத் துண்டு ஒன்றைச் சுருட்டி அடைத்திருக்கிறேன்.